லடாக்குக்கு ஒரு மடக்குக் கத்தி

கண்ணு,

நீ கேட்டது ஒரே ஒரு வரி. "அப்பா, இந்த மூணுல எந்தக் கத்திய வாங்கலாம்?" என்று கேட்டு மூன்று படங்களை அனுப்பியிருந்தாய். "பாத்துச் சொல்றேன்" என்று பதில் போட்டேன். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், சின்னதாக்கிப் பார்க்கிறேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்க்கிறேன். உன் அம்மாவும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? "கத்தி வாங்கறீங்களா, கத்திக்கு மாப்பிள தேடறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பேசி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேசவும் பார்த்தேன். பாதியிலேயே அழுகை வந்து, பேசியதை அழித்துவிட்டேன். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டுத் தொடரலாம். எழுதி முடித்ததும் உன் அம்மா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள்.

அதே நாளில் நீ சொன்ன இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், மறைத்து வைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது. லடாக்கில் வேலை, மலைமேல் கூடாரம், பாறையையும் பனியையும் அளக்க வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்றாய். கேட்கவே பெருமையாக இருந்தது. அப்புறம், "லீவு இல்லப்பா. ஹைதராபாத்துல இருந்து நேரா டெல்லி, அங்க இருந்து லே. வூட்டுக்கு வந்துட்டுப் போனா மூணு நாள் போயிடும்" என்றாய். "சரி கண்ணு, வேலைதான் முக்கியம்" என்று நானும் பெரிய மனுஷனாகச் சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவள் நீ. நீ மலைக்குப் போவதற்கு முன்னால் உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. இந்தக் கடிதம் முழுக்கக் கத்தியைப் பற்றித்தான் இருக்கும். ஆனால் அடியில் ஓடுவது இந்த ஆசைதான், தெரிந்துகொண்டே படி.

நீ என்னைக் கேட்டாயே, அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து உன் கேள்வி எல்லாம் அம்மாவுக்குத்தான் போகும். எந்தப் பாடம் எடுப்பது, எந்தக் காலேஜ், ஹாஸ்டலுக்கு என்ன பெட்டி வாங்குவது, எல்லாம் அவளிடம்தான். உன் மேல் தப்பில்லை. கேள்வி வந்த நேரத்தில் நான் நாக்பூரிலோ சோலாப்பூரிலோ லாரிக்கு அடியில் படுத்திருப்பேன். பாறையைப் பற்றி நீ படித்த படிப்பில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது. ஆனால் மடக்குக் கத்தி என்று கேட்டுவிட்டாய். பாதி ஆயுசு ஸ்டியரிங் பிடித்த டிரைவரிடம் கேட்கவேண்டிய கேள்விதான் அது. எங்களுக்கு அது சமையலறை, பட்டறை, கத்தரிக்கோல், எல்லாமே. லோடை மூடுகிற படுதாவின் கயிறு அறுக்க அது, வெங்காயம் நறுக்க அது, ஒயரின் மேல்தோலைச் சீவ அது, சட்டையில் பொத்தான் தைத்துவிட்டு நூலை அறுக்கவும் அதுவேதான். பல்லுக்கு இடையில் சிக்கிய கறித் துணுக்கை எடுக்கவும் சில பேர் அதை எடுப்பார்கள். அந்த வேலைக்கு மட்டும் நீ எடுக்காதே.

உன் சித்தப்பாவைக் கடத்தூர் சந்தையில் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "பொட்டப் புள்ளைக்கு எதுக்குண்ணா கத்தி? பாதுகாப்புக்கா? அப்படின்னா நல்லா நீளமா, பட்டன அமுக்குனா பாயுற மாதிரி வாங்கிக் குடு" என்றான். சுற்றி நின்றவர்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் மிளகாய்ப் பொடி வரைக்கும் போய்விட்டார். நான் உனக்குச் சொல்வது வேறு. பயத்தை மனதில் வைத்துக்கொண்டு கத்தி வாங்கினால் தப்பான கத்தியைத்தான் வாங்குவாய். அப்படி வாங்குகிற கத்தி நீளமாக இருக்கும், பளபளக்கும், ஒரு தக்காளியை ஒழுங்காக நறுக்காது. பட்டன் கத்தியை வழியில் எந்தப் போலீஸ்காரர் பார்த்தாலும் நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்பார். ஆள் பயம் வந்தால் அங்கே நிற்காதே, சத்தம் போடு, கூட இருப்பவர்கள் பக்கம் ஓடு. கத்தி வேலைக்கு. அலகின் நீளம் உன் நான்கு விரலை ஒட்டிவைத்த அகலம் இருந்தால் போதும். அதற்கு மேல் நீளம் வைத்துக்கொண்டு மலையில் நீ யாரை வெட்டப்போகிறாய்?

இப்போது படங்களுக்கு வருகிறேன். முதல் படத்தில் இருப்பது ஒரு கத்தியே இல்லை, அது ஒரு பொட்டிக்கடை. கத்தரிக்கோல், ரம்பம், அரம், பாட்டில் திறப்பான், முள் எடுக்கிற இடுக்கி எல்லாவற்றையும் ஒரே பிடிக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நானும் ஒருமுறை ஆசைப்பட்டு மகாராஷ்டிராவில் ஒரு டாபா வாசலில் அப்படி ஒன்றை வாங்கினேன். அவசரத்துக்கு அலகை இழுத்தால் திருப்புளி வரும், திருப்புளியை இழுத்தால் ரம்பம் வரும். குளிருக்குக் கையில் உறை போட்டுக்கொண்டு நீ அதில் நகத்தை விட்டு எதை இழுப்பாய்? கூடாரத்துக்குள் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அது சரி. வெளியில், காற்றடிக்கும்போது, ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கும்போது, இன்னொரு கையின் கட்டைவிரலால் மட்டும் திறக்க முடிகிற கத்திதான் உதவும். அலகில் கட்டைவிரல் வைக்க ஒரு குமிழோ ஓட்டையோ இருக்க வேண்டும். உன் இரண்டாவது படத்தில் அது இருக்கிறது.

அடுத்து பூட்டு. இதில் மட்டும் அப்பா பேச்சைக் கேளாமல் இருக்காதே. விரித்ததும் 'டக்' என்று சத்தம் கேட்டு அலகு நிற்க வேண்டும், நாமாகப் பூட்டுத் தகட்டைத் தள்ளி விடுவிக்கிற வரைக்கும் மடங்கக் கூடாது. என் முதல் கத்தியில் பூட்டு கிடையாது. அனந்தப்பூர் பக்கம் ஒரு நைலான் கயிற்றை அறுக்கும்போது கொஞ்சம் திருப்பி அழுத்திவிட்டேன். அலகு மடங்கி என் ஆள்காட்டி விரல்மேலேயே வந்து உட்கார்ந்தது. அந்தத் தழும்பு உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் என் மடியில் உட்கார்ந்தால் அதையேதான் தடவிக்கொண்டிருப்பாய். "இது என்னாப்பா?" என்று கேட்பாய். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொல்வேன். புலி கடித்தது என்பேன், எருமை மிதித்தது என்பேன். நீ நம்பாமல் சிரிப்பாய். உன் விரல் அந்த இடத்தில் ஓடியது எனக்கு இன்னும் உறைக்கிறது. இப்போது அந்த விரலை நானே தடவிப் பார்க்கிறேன், அந்த மாதிரி இல்லை.

மடியில் வந்து உட்கார்வதற்கும் நீ ஒரு நாள் எடுத்துக்கொள்வாய், அது ஞாபகம் இருக்கிறதா? மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஆளை எந்தக் குழந்தைதான் உடனே அடையாளம் வைத்துக்கொள்ளும்? லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நான் நடந்து வருவேன். நீ அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, கத்தி மாமா வந்திருக்காரு" என்பாய். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவும்போதுதான் அழுகை வரும். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து ஒரு மாங்காயைச் சீவ ஆரம்பிப்பேன். உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவுவதற்குள் நீ பக்கத்தில் வந்துவிடுவாய். ஒரு துண்டு தின்றதும் என் முட்டிமேல் கை வைப்பாய். இரண்டாவது துண்டில் மடி. மறுநாள் காலையில் "அப்பா" என்பாய். அதற்கு மறுநாள் எனக்கு லோடு வந்துவிடும். உனக்கு என்னை அப்பா என்று பழகுவதும் நான் கிளம்புவதும் எப்போதும் ஒன்றாகவே வந்தது. அந்த வேலையில்லாமல் நம் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது, அதனால் வருத்தப்படவில்லை. ஏக்கம் மட்டும் போகவில்லை, அதற்கு என்ன செய்வது?

அடுத்தது இரும்பு. துருப்பிடிக்காத எஃகில் வாங்கு. துருப்பிடிக்கிற எஃகுதான் நன்றாகத் தீட்ட வரும், கூராக நிற்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு, அது உண்மையும்கூட. ஆனால் தினமும் துடைத்து எண்ணெய் போடுகிறவர்களுக்குத்தான் அது சரி. நீ குளித்த தலையையே துவட்டாமல் ஓடுகிறவள். என் இரண்டாவது கத்தி அப்படிப்பட்ட எஃகுதான். புதுக் கத்தி என்று லாரிக்கு முன்னால் வைத்து எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, திருஷ்டி கழித்தாகிவிட்டது. கத்தியைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் பார்த்தால் அலகெல்லாம் கறுப்புக் கறுப்பாகத் திட்டு. திருஷ்டி என்னவோ போயிருக்கும், கத்தியின் முகம் போய்விட்டது. முனையை நானே உடைத்தேன். டயர் இடுக்கில் மாட்டிய ஜல்லியை அதால் நெம்பினேன், 'டிக்' என்றது. உனக்குத்தான் சுத்தியல் கொடுத்திருக்கிறார்களே, பாறை இடுக்கில் கத்தியை விடாதே. அலகின் முதுகு கொஞ்சம் தடிமனாக இருப்பதாகப் பார். மூன்றாவது படத்தில் இருப்பது அழகுதான், ஆனால் பழம் நறுக்கத்தான் ஆகும்.

இனி உன் அம்மா செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். நீ படிக்கும்போது அவள் பக்கத்தில் இருக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். படமெடுக்கும்போது படித்துவிடுவாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது, போகட்டும். ஒரு ஆயுத பூஜைக்கு நான் அதிசயமாக வீட்டில் இருந்தேன். லாரிக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஜாக்கி, ஸ்பேனர், லிவர் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தோம். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பொட்டு வைக்காத இடம் என்று ஒன்று இருக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. என் கத்தியைத் திறந்து, அலகுக்கு ஒரு பொட்டு, பிடிக்கு ஒரு பொட்டு, இரண்டும் சேர்கிற மூட்டுக்கு நல்ல தாராளமாக ஒரு பொட்டு வைத்து, மேலே குங்குமம் அப்பி, பக்தியோடு மடக்கி வைத்துவிட்டாள். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது இல்லையா? யாரும் தொடவில்லை. மறுநாள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஜவ்வரிசி லோடோடு கிளம்பிவிட்டேன்.

நாக்பூரை நெருங்கும்போது மழை பிடித்தது. படுதாவின் ஒரு மூலை காற்றில் பிய்த்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது. நானும் கிளீனரும் மேலே ஏறினோம். பழைய முடிச்சை அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். கத்தியை எடுத்தால் திறக்கவில்லை. சந்தனம் உள்ளே இறுகிச் சுண்ணாம்பாகிவிட்டது. நகத்தால் இழுத்தேன், பல்லால் கடித்து இழுத்தேன். கிளீனர் மழையில் நனைந்துகொண்டு, "என்னாண்ணா, சாமி உள்ள இருந்து புடிச்சிக்கிச்சா?" என்றான். கடைசியில் அவன் திருப்புளியால் நெம்பி நெம்பி முடிச்சை அவிழ்ப்பதற்குள் மேலடுக்கு மூட்டைகள் நனைந்துவிட்டன. ஜவ்வரிசி நனைந்தால் என்ன ஆகும் என்று பாயசம் வைத்தவர்களுக்குத் தெரியும். பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். உன் அம்மா, "அந்த மழையில வண்டி எதுலயும் மோதாம போய்ச் சேந்துச்சில்ல? யாரால?" என்று திருப்பிக் கேட்டாள். நான் கத்தியைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டேன். ஆகவே பிடி அடைத்த மாதிரி இல்லாமல், ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற மாதிரி இருக்கும் கத்தியாக வாங்கு. மண் போனாலும், மாவு போனாலும், அம்மாவின் சந்தனமே போனாலும், தண்ணீரில் அலசி ஊதினால் வெளியே வந்துவிட வேண்டும்.

பிடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிள் ஏற்ற ஒரே ஒருமுறை காஷ்மீர் வரைக்கும் போயிருக்கிறேன். நம் தருமபுரி வெயிலிலேயே வளர்ந்த உடம்பு, அந்தக் குளிரில் தாடை தனியாக ஆடியது. எனக்கு அப்போது இருந்தது முழு இரும்புப் பிடி. காலையில் அதைத் தொட்டால் தேள் கொட்டின மாதிரி இருக்கும். பிடி கெட்டியான பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ இருக்கட்டும், வழுக்காமல் சொரசொரப்பாக இருக்கட்டும். நிறம் ஆரஞ்சாக எடு. கறுப்புப் பிடி ஸ்டைலாகத்தான் இருக்கும், கல்லுக்கு நடுவில் கீழே விழுந்தால் கல்லோடு கல்லாகப் போய்விடும். வால் பக்கம் ஒரு ஓட்டை இருந்தால் அதில் கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொள். நான் விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் கத்தியைக் கைப்பையில் வைக்காமல், உள்ளே அனுப்புகிற பெட்டியில் வைக்க வேண்டும் என்று நான்கு பேரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்பாவோட பழைய கத்தியையே எடுத்துக்கறேன்" என்று நீ ஒருவேளை சொல்லலாம், நீ அப்படிப்பட்டவள்தான். அது வேண்டாம். மூட்டு ஆடிப்போயிற்று, அலகு தேய்ந்து பாதியாகிவிட்டது. அதை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மலையில் உன் கை அதை நம்பியிருக்கக் கூடாது. அதனால் தருமபுரிக்குப் பஸ் ஏறினேன். லாரி ஓட்டிய காலமெல்லாம் நான் சாமான் வாங்கிய பாய் கடைக்குத்தான் போனேன். "என்னா டிரைவர், ரிட்டையர் ஆகியும் கத்திய வுட மாட்டீங்களா?" என்றார். மகளுக்கு என்றதும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். உன் இரண்டாவது படத்தில் இருப்பது மாதிரியே ஒன்று, ஆரஞ்சுப் பிடி. கடை வாசலில் நின்று கயிறு அறுத்தேன், அட்டைப்பெட்டி அறுத்தேன், பக்கத்துக் காய்க்கடையில் ஒரு தக்காளி வாங்கித் தோல் நசுங்காமல் நறுக்கிப் பார்த்தேன். இடது கையால் திறந்தேன், கண்ணை மூடிக்கொண்டு மடக்கினேன். பாய் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு குடுத்து வச்சவங்க" என்றார். நான்தான் கொடுத்து வைத்தவன் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

கத்தி இப்போது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கூரியரில் போட்டுவிடலாம் என்று நானே சொல்லிவிட்டு நானே போகாமல் இருந்தேன். காலையில் ஒரு சாக்கு, சாயங்காலம் ஒரு சாக்கு. இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சந்தனம் வருகிற இடத்தில் முறைத்தாள், கத்தி மாமா வருகிற இடத்தில் முந்தானையை எடுத்தாள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவளுக்குக் கத்தி வேணும்னா அந்த ஊருக் கடையில வாங்கிக்க மாட்டாளா? படிச்ச புள்ளைக்கு இது தெரியாதா? அவளுக்கு உங்ககிட்ட எதையாச்சும் கேக்கணும்னு இருந்திருக்குது, கேட்டா. உங்களுக்கு அவளப் பாக்கணும்னு இருக்குது, அதச் சொல்லாம பூட்டு, பிடின்னு பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு இருக்கறீங்க."

"அதான் முதல்லயே எழுதிட்டேனே" என்றேன்.

"எழுதினா ஆச்சா? லீவு இல்லன்னு சொன்ன புள்ளைய வா வான்னா அவ என்னா பண்ணுவா? அவளுக்குத்தான் லீவு இல்ல. உங்களுக்கு என்னா கேடு? சும்மாதான உக்காந்திருக்கறீங்க, கெளம்பறது?"

கண்ணு, நான் சத்தியமாக அதை யோசிக்கவே இல்லை. பிள்ளைகள் வருவார்கள், பெற்றவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதுதான் முறை என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. நீ ஹைதராபாத்துக்குப் போனதிலிருந்து அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஊர் எனக்கென்ன புதுசா? எத்தனை தடவை அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன், எந்த டாபாவில் நல்ல டீ கிடைக்கும் என்றுகூடச் சொல்வேன். நீ இருக்கிற தெருவும் அறையும் மட்டும் தெரியாது. சர்க்கரையும் கண்ணும் சேர்ந்து வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்ட பிறகு, ஓட்ட முடியாதவன் போகவும் முடியாது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன் போலிருக்கிறது. சீட்டில் சும்மா உட்கார்ந்து போக முடியும் என்பது ஒரு டிரைவருக்குத் தோன்றுவதில்லை.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மொரப்பூரில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டையில் மாறி வருகிறேன். நீ கிளம்புகிற நாளைக்கு முந்தின நாள் காலையில் உன் ஊரில் இருப்பேன். அம்மா வரவில்லை, மாடு கன்று போடுகிற நேரம். "நீங்க போயிட்டு வாங்க, நான் போன்ல பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாள், சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளுக்கும் நம்மைப் போலத்தான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், லீவும் போட வேண்டாம். அட்ரஸை மட்டும் அனுப்பு. வேலை முடிந்து நீ வருகிற வரைக்கும் உன் கட்டடத்து வாட்ச்மேனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன், எனக்கு அது பழக்கம். நீ பெட்டி கட்டும்போது நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேசக்கூட வேண்டாம். பார்த்தால் போதும் என்று இருக்கிறது.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் உறவு அறுந்துபோகும் என்று உன் அம்மா இப்போதே எச்சரித்து அனுப்புகிறாள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் உன் விஷயத்தில் சோதித்துப் பார்க்கிற துணிச்சலும் இல்லை. அதனால் உன் மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறேன். நீயாக எடுத்துத் திறந்து பார், பூட்டுகிற சத்தத்தைக் கேள், மடக்கிப் பெட்டியில் போடு. அது முடிந்ததும் உன் கையை மட்டும் கொஞ்ச நேரம் என்னிடம் கொடு.

உன் அப்பா